ஒத்தநாள் அத்தை

கின்மென், வடகரை
2023 செப்டம்பர் 26

திங்,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்கப் போவதில்லை. ஊரே கொண்டாடுகிறது, உனக்கென்ன குறைச்சல்?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் கத்துவேன், நீ 'அக்கா, அக்கா' என்று குழைவாய், கடைசியில் 'சாப்பிட்டியா?' என்று நானே கேட்டுத் தொலைப்பேன். முப்பது வருஷமாக அதுதானே நடக்கிறது. இனிமேல் உன் போனை எடுக்க மாட்டேன். எழுத்தில் நீ எவ்வளவு குழைந்தாலும் எனக்குக் கேட்காது.

போன சனிக்கிழமை வாசலில் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் வந்து நின்றது. இறங்கிய கூட்டம் நேரே என்னிடம் வந்து போனை நீட்டிக்கொண்டு, "பயமா இருக்கா அத்தை?" என்றது. நிருபர்கள் என்று நினைத்தேன். அவர்கள் எனக்குப் பழக்கம்தான். வருஷத்துக்கு ரெண்டு மூணு வெள்ளைக்காரர்களாவது வந்து, எதிரிப் படகைத் தடுக்கக் கரையில் நட்டுத் துருப்பிடித்து நிற்கும் அந்த இரும்புக் கம்பிகளுக்கு முன்னால் என்னை நிறுத்தி அதைத்தான் கேட்பார்கள். நானும் வழக்கம்போல, "பயமெல்லாம் ஒண்ணுமில்ல, சிப்பிதான் வருஷா வருஷம் சிறுத்துப்போகுது" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒரு பெண் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "இன்னிக்குத் தேதி இருபத்திமூணு அத்தை! அந்த டயலாக்கைச் சொல்லுங்க! அதுக்காகத்தான் ஒத்த நாளாப் பார்த்து வந்தோம்!" என்கிறாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போனால் உன் அத்தான் திருதிருவென்று விழிக்கிறார். அந்த மனுஷன் நாலு வாரமாகக் காதில் குமிழை மாட்டிக்கொண்டு எனக்குத் தெரியாமல் நீ எழுதிய டிவி தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! "நீ கோபப்படுவேன்னுதான் சொல்லல பிக்ஹா. ஆனா நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்கிறார். ஒரே மூச்சில் நாலு பாகத்தையும் பார்த்தேன்.

போர் வரும் வரும் என்று தைப்பேயில் அறை எடுத்துக் காத்திருக்கும் மூன்று வெளிநாட்டு நிருபர்கள். போர் வராத கடுப்பில் வாரம் ஒருவன் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கின்மென் வந்து சிப்பிக்காரியைக் கேள்வி கேட்கிறான். அதெல்லாம் சரி, அவர்களை நீ எப்படி வேண்டுமானாலும் கிண்டல் செய். அந்தச் சிப்பிக்காரி நான். என் தொப்பி, என் கழுத்துத் துணி, பீரங்கிக் குண்டின் ஓட்டில் அடித்த என் கத்தி. அவள் சுவரில் இருக்கும் நாள்காட்டியைப் பார்த்து, "இன்னிக்கு ஒத்த நாள். வாயத் திறக்க மாட்டேன், போ!" என்று கதவை அடைக்கிறாள். பின்னணியில் சிரிப்புச் சத்தம்.

அந்தக் காலத்தில் எதிர்க்கரை எதிரிப் படையிடமிருந்து ஒத்தத் தேதியில் பீரங்கிக் குண்டு வரும், ரெட்டைத் தேதியில் வராது. அப்போது நீ இடுப்புக் குழந்தை, அதனால் மறுபடியும் சொல்கிறேன். அம்மா போனது ஒரு ஒத்தத் தேதி சாயங்காலம். அன்றிலிருந்து ஒத்தத் தேதியில் பொழுது சாய்ந்தால் நான் வாசல் தாண்டுவதில்லை. 'முட்டி வலி' என்று ஊருக்குச் சொல்லிச் சமாளிக்கிறேன். காரணத்தை உன் ஒருவனிடம்தான் சொன்னேன். நீ அதை எடுத்துக்கொண்டு போய் நாடு முழுக்கச் சிரிக்க விட்டாய்.

இந்த வருஷம் அம்மா நாளுக்கு நீ வர வேண்டாம். படையல் வைக்க எனக்குத் தெரியும்.

பிக்ஹா


தைப்பே
செப்டம்பர் 30

அக்காவுக்கு (கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கவும்),

அது நீ இல்லை. சத்தியமாக. நாலைந்து சிப்பிக்காரிகளைப் பார்த்து, கொஞ்சம் அங்கே கொஞ்சம் இங்கே எடுத்துச் சேர்த்தது. தொப்பியும் கழுத்துத் துணியும் கின்மெனில் யாரிடம் இல்லை?

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், இங்கே நடக்கிற கூத்தைக் கேள். நிஜமான வெளிநாட்டு நிருபர்கள் ஒரு மதுக்கடையில் கூடி உட்கார்ந்து தொடரைப் பார்த்தார்களாம். ஒருவனுக்காவது கோபம் வர வேண்டுமே? ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவனைக் காட்டி 'இது நீதான்' என்று விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். ஒருவர் எனக்கே எழுதியிருக்கிறார்: 'தலைக்கவசக்கார ரூபர்ட் என்னோடு வேலை பார்த்தவர்தானே? அச்சு அசல்!' கூடவே தன்னுடைய படத்தையும் அனுப்பியிருந்தார். அதில் அவரே தலைக்கவசத்தோடு நிற்கிறார், ஐஸ்கிரீம் கடை வாசலில்.

மொழிபெயர்ப்பாளர்கள் கூடிக் கையெழுத்துப் போட்டு ஒரு கண்டனம் அனுப்பினார்கள். நீ 'சிப்பி சிறுத்துப்போச்சு' என்றால் அதை 'தினமும் நடுங்கிச் சாகிறோம்' என்று தொடரில் வரும் எங்கள் மொழிபெயர்ப்பாளன் மாற்றிச் சொல்கிறானே, அது தொழிலுக்கு அவமானமாம். கையெழுத்துப் போட்டவர்களில் நாலு பேர் தனியாகவும் எழுதினார்கள்: 'நிஜத்தில் இதைவிட மோசம், என்னிடம் கதை இருக்கிறது, சந்திக்கலாமா?'

எல்லோரையும் விட ஜனங்களுக்குப் பிடித்தது அத்தையைத்தான். ஒத்தநாள் அத்தை என்றே பேர் வைத்துவிட்டார்கள். அலுவலகத்தில் ஒத்தத் தேதியில் வேலை கொடுத்தால் 'இன்னிக்கு ஒத்த நாள்' என்கிறார்களாம். சட்டையில்கூட அச்சடித்து விற்கிறார்கள்.

அக்கா, முப்பது வருஷம் சோப்பு விளம்பரத்துக்கும் பாட்டுப் போட்டிக்கும் எழுதிக்கொண்டிருந்தவன் நான். இந்த வயதில் முதல் தடவையாக ஒரு டாக்சிக்காரர் நான் எழுதிய வசனத்தை என்னிடமே சொல்லிச் சிரித்தார். இறங்கி ஓரமாக நின்று அழுதேன். உன்னிடம் சொல்லத்தான் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை.

அம்மா நாளுக்கு வராதே என்று மட்டும் சொல்லாதே. ஒரு வருஷமும் நான் தவறினதில்லை. உனக்குச் சந்தேகமாக இருந்தால் குறி கேட்கும் பிறைக்கட்டையைப் போட்டு அம்மாவிடமே கேட்டுப் பாரேன்.

உன் தம்பி
திங்


வடகரை
அக்டோபர் 6

திங்,

நாலைந்து சிப்பிக்காரிகளைச் சேர்த்துச் செய்தாயா? என் கத்தி முனையில் ஒரு சிறு உடைசல் இருக்கிறது. உன் தொடரில் வரும் கத்தியிலும் அதே இடத்தில் உடைசல் இருக்கிறது. அந்த நாலைந்து பேரும் ஒரே கத்தியை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாள் சிப்பி உடைக்கிறார்களா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லடா.

உடைக்கிற முறையும் தப்பு. ஓட்டை இடிப்பது போலக் குத்துகிறாள் உன் நடிகை. அப்படிக் குத்தினால் சதை கிழிந்து பாதி விலைக்குக்கூடப் போகாது. இவ்வளவு திருடினவன் அதையும் ஒழுங்காகத் திருடியிருக்கலாம்.

இன்னொரு வயிற்றெரிச்சலைக் கேள். எதிர்வீட்டுக் கிம்சூ வாசலில் பலகை மாட்டியிருக்கிறாள்: 'டிவியில் வரும் அசல் ஒத்தநாள் அத்தை கடை'. சிவப்பு எழுத்து, பக்கத்தில் அவளுடைய போட்டோ. பஸ்ஸெல்லாம் இப்போது அங்கேதான் நிற்கிறது. நேற்று நேராகப் போய்க் கேட்டேன்.

"கிம்சூ, நீயா அந்த அத்தை?"

"பின்ன யாரு? உன் தம்பி போன வருஷம் வந்தப்ப எங்க வீட்டுல ரெண்டு கிண்ணம் சேமியா சாப்பிட்டான். சாப்பிடுறப்பவே என்னை உத்து உத்துப் பார்த்தான்."

"ஒத்த நாள்னு நீ என்னைக்காச்சும் சொல்லியிருக்கியா?"

"இப்பச் சொல்றேனே! ஒரு நாளைக்கு நாப்பது தடவ சொல்றேன். வாய் வலிக்குது."

நான்தான் அது என்று சொல்லவும் வாய் வரவில்லை, நீ இல்லை என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அந்த அத்தையை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளைக் கிம்சூ எடுத்துக்கொண்டு போவதும் பொறுக்கவில்லை. இப்படி ஒரு இக்கட்டில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினாயே, நீ நன்றாக இருப்பாய்!

பிறைக்கட்டை போடச் சொல்கிறாய். போட்டு என்ன கேட்பேன்? 'அம்மா, உன் மகன் நீ செத்த கதையை வைத்து வேடிக்கை காட்டுகிறான், வரட்டுமா' என்றா? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிக்ஹா

பி.கு: சட்டையில் அச்சடித்ததை உன் அத்தான் ஒன்று வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். துவைக்கப் போட்டபோது மாட்டிக்கொண்டார்.


தைப்பே
அக்டோபர் 11

அக்கா,

கத்தி உன்னுடையதுதான். அத்தையும் நீதான். ஒப்புக்கொள்கிறேன், விடு.

இப்போது ஒரு சிக்கல். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் எழுதுகிறார்கள்: 'ஏன் ஒத்த நாள்?' சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து விஷயம் எதுவும் தெரியாது. ஜோசியம் என்கிறான் ஒருவன். அத்தைக்கு ரெட்டைத் தேதியில்தான் காதலன் வருவான் என்கிறாள் ஒருத்தி. ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் மட்டும், 'இது சிரிக்கிற விஷயம் இல்லை, எங்கள் அப்பா கின்மென்காரர்' என்று எழுதியிருந்தார். அதை மட்டும் நாலு தடவை படித்தேன்.

கடைசிப் பாகத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர் கோ அம்மாள். சொன்னால் அடுத்த வருஷமும் தொடர் உண்டு. எனக்கும் சொல்லத்தான் தோன்றுகிறது. ரூபர்ட் கேட்கிறான், அத்தை முதல் தடவையாக வாய் திறந்து அம்மாவைப் பற்றிச் சொல்கிறாள். சிரிப்பு கிடையாது. கண்ணியமாக எழுதுவேன்.

உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். என்ன சொல்கிறாய்?

திங்


வடகரை
அக்டோபர் 14

திங்,

முடியாது.

ஜனங்கள் மடியில் சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். விளம்பரம் வந்தால் எழுந்து ஒண்ணுக்குப் போவார்கள். அதற்கு நடுவில் அம்மா சாக வேண்டுமா? ஒரு தடவை செத்தது போதும்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். தொப்பியை எடுத்துக்கொள், கத்தியை எடுத்துக்கொள், முட்டி வலியையும் எடுத்துக்கொள். அம்மாவைத் தொடாதே. தொட்டாயானால் இந்த வருஷம் மட்டுமில்லை, எந்த வருஷமும் இந்த வாசலை மிதிக்காதே.

பிக்ஹா


தைப்பே
அக்டோபர் 19

அக்கா,

அம்மா அம்மா என்கிறாயே, உனக்கு மட்டுமா அவள் அம்மா?

உனக்கு ஒன்பது வருஷம் கிடைத்தது. அவள் கை, அவள் குரல், அவள் திட்டு எல்லாம் உன்னிடம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? படத்தில் ஒரு முகம். அதுவும் அடையாள அட்டைக்கு எடுத்தது, முறைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பற்றி நீ என்னிடம் சொன்னது எல்லாம் அவள் எப்படிச் செத்தாள் என்பது மட்டும்தான். அதனால்தான் என்னிடம் இருந்த அந்த ஒன்றை எழுதினேன். வேறு எதையாவது கொடுத்திருந்தால் அதை எழுதியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். இத்தனை வருஷமாக எத்தனை நிருபர்கள் உன்னைக் கேட்டார்கள்! ஒருவரிடமாவது உண்மையைச் சொன்னாயா? 'பயமில்லை, சிப்பி சிறுத்துப்போச்சு.' சாயங்காலம் ஆனால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாய். என் தொடரில் வரும் மொழிபெயர்ப்பாளன் பொய் சொல்கிறான் என்று ஊரே திட்டுகிறது. 'தினமும் நடுங்குகிறோம்' என்று அவன்தான் அக்கா சரியாகச் சொல்கிறான்.

அந்தக் காட்சியை எழுதி முடித்துவிட்டேன். மாத இறுதியில் படம் பிடிக்கிறார்கள்.

திங்


வடகரை
அக்டோபர் 28

திங்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் அடுப்படிப் பக்கமே போகவில்லை. உன் அத்தான் மூன்று வேளையும் தானே சமைத்தார். அதைச் சாப்பிட்டது பெரிய தண்டனை.

நேற்று முன்தினம் ஒரு நிருபர் பெண் வந்தாள். மெலிந்த பெண், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து கிடந்தது. நம்முடைய தொடரை இங்கே இருப்பவர்கள் எப்படி ரசிக்கிறார்கள் என்று அவள் ஊர்ப் பத்திரிகைக்கு எழுத வேண்டுமாம். கிம்சூ போட்ட சத்தத்தில் முதலில் அங்கேதான் போனாள். பிறகு மெல்ல என் வாசலுக்கு வந்தாள். கூட வந்த மொழிபெயர்ப்பாளப் பையன் தொடரைப் பார்த்தவன் போலிருக்கிறது, நான் என்ன சொன்னாலும் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் பயந்து பயந்து சொன்னான்.

"உங்களைக் கிண்டல் பண்றாங்களேன்னு வருத்தம் இல்லையா?" என்றாள்.

"உன்னையும்தானே கிண்டல் பண்றான்?"

"அது என் பழைய முதலாளி" என்றாள் சிரித்துக்கொண்டே. நீ சொன்னது சரிதான், எல்லோரும் அடுத்தவனைத்தான் காட்டுகிறார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தக் கேள்வியையே கேட்டாள். பயமா இருக்கா?

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. "உனக்கு இருக்கா?" என்று திருப்பிக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் கடலைப் பார்த்தாள். "இருக்கு. இங்க எதுவும் நடக்கலேன்னா என்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்குவாங்க. நடந்துடுமோன்னும் பயமா இருக்கு" என்றாள். பாவமாக இருந்தது. ஒரு கிண்ணம் சேமியா போட்டுக் கொடுத்தேன். "எனக்கும் இருக்கு. ஆனா அத எழுதாத" என்றேன். எழுதுவாளோ மாட்டாளோ.

அதனால் உன் மொழிபெயர்ப்பாளன் சொல்வது சரி. வந்தவர்கள் எல்லோரிடமும் நான் பொய்தான் சொன்னேன். பயம் என்று சொன்னால் அவர்கள் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பயம் மட்டும் எனக்கு மிச்சம் நிற்கும். அதனால் சொல்லவில்லை.

நீ கேட்டதைக் கொடுக்கிறேன், வைத்துக்கொள். அம்மா சிரிப்பாள். எந்நேரமும், கூடாத நேரத்தில் எல்லாம் சிரிப்பாள். துக்க வீட்டில் சிரித்துவிடுவாள் என்று அப்பா கூட்டிக்கொண்டே போக மாட்டார். ஒரு தடவை பதுங்குகுழியில் எல்லோரும் மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருக்கிறோம், மேலே குண்டு விழுகிறது, யாரோ கொண்டுவந்த கோழி ஊர்த் தலைவர் கழற்றி வைத்த தொப்பிக்குள் முட்டை போட்டுவிட்டது. அம்மா சிரித்த சிரிப்பில் மண்ணெல்லாம் உதிர்ந்தது. அப்பா அவள் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் எல்லாம் சிரிப்பு வந்தது. நீ அவள் மடியில் இருந்தாய். அவள் வயிறு குலுங்கக் குலுங்க நீயும் குலுங்கி, நீயும் சிரித்தாய்.

அந்தச் சாயங்காலம் வாசலில் மறந்து வைத்த கூடையை எடுக்கப் போனாள். "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதற்கப்புறம் முற்றமெல்லாம் காகிதம். குண்டுக்குள் வைத்து அனுப்பிய பிரசாரச் செய்தி. எதிர்க்கரையில் எல்லோரும் வயிறாரச் சாப்பிடுகிறார்கள் என்று அச்சடித்திருந்தது.

இதை நீ வைத்துக்கொள்ளத்தான் கொடுத்தேன். டிவியில் போட இல்லை. வர வேண்டாம் என்று நான் சொன்னதிலும் மாற்றம் இல்லை.

பிக்ஹா


தைப்பே
நவம்பர் 12

அக்கா,

உன் கடிதம் வந்தபோது அந்தக் காட்சியைப் படம் பிடித்தாகிவிட்டது. நன்றாகவும் வந்திருந்தது. விளக்குப் பிடிக்கிற ஆள்கூட மூக்கை உறிஞ்சினான். கோ அம்மாள் வயலின் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

கோழி முட்டை போட்டதைப் படித்துவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நிறுத்தவே முடியவில்லை. மறுநாள் போய், அந்தக் காட்சியை நீக்கிவிட வேண்டும் என்றேன். கோ அம்மாள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "பைத்தியமா உங்களுக்கு? ஊரே இதுக்குத்தான் காத்திருக்கு!" "காத்திருக்கட்டும்." "அடுத்த வருஷம்?" "அதுவும் காத்திருக்கட்டும்." பேனாவைத் தூக்கி எறிந்தார். என் மேல் படவில்லை.

நேற்று கடைசிப் பாகம் வந்தது. நீ பார்த்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன். ரூபர்ட் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "ஏன் ஒத்த நாள்?" என்று கேட்கிறான். அத்தை அவனைப் பார்க்கிறாள். கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். வயலின் இல்லை, சிரிப்புச் சத்தமும் இல்லை. அவ்வளவுதான்.

விடிந்ததிலிருந்து வசவு மழை. 'இதுக்கா பன்னிரண்டு வாரம் உட்கார்ந்திருந்தோம்?' 'எழுதினவனுக்கே காரணம் தெரியவில்லை போலிருக்கிறது.' 'என் டிவி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டினேன்.' ஐஸ்கிரீம் கடை நிருபரும் எழுதியிருந்தார், ரூபர்ட் மேல் அவருக்கு இப்போது கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறதாம். அந்த வாத்தியார் மட்டும் ஒரே வரி அனுப்பினார்: 'எங்கள் அப்பாவும் இப்படித்தான் எழுந்து உள்ளே போய்விடுவார்.'

வெள்ளிக்கிழமை பதினேழாம் தேதி அம்மா நாள். மத்தியானம் வரை கோ அம்மாளிடம் திட்டு வாங்க வேண்டும். அதற்கப்புறம் கின்மெனுக்கு ஒரு விமானம் இருக்கிறது, சாயங்காலம் ஐந்தரைக்கு இறங்கும். டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் வர மாட்டேன், வம்பு செய்ய மாட்டேன். எனக்காக ஒரு கிண்ணம் மட்டும் படையலில் வை.

திங்


வடகரை
நவம்பர் 15

திங்,

இது தபாலில் போனால் உனக்கு நேரத்துக்குக் கிடைக்காது. உன் அத்தான் போட்டோ எடுத்துப் போனில் அனுப்புவார். நான் போனைத் தொடவில்லை. சொன்னால் சொன்னதுதான்.

கடைசிப் பாகத்தை நான் பார்க்கவில்லை என்று யார் சொன்னது? தேதி பதினொன்று, ஒத்த நாள், பொழுதும் சாய்ந்துவிட்டது. எல்லோரும் கிம்சூ வீட்டில் பார்க்கப் போவதாகப் பேச்சு. நான் முட்டி வலி என்று கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டுகிறார்கள். பார்த்தால் கிம்சூவும் அவள் மகனும் அவர்கள் வீட்டுப் பெரிய டிவியைக் கட்டில் மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் தெருவே நாற்காலியோடு நிற்கிறது.

"என்னடி இது?" என்றேன்.

"உனக்குத்தான் இன்னிக்கு வெளிய வரமுடியாதே. நகரு, கை வலிக்குது" என்றாள்.

நகர்ந்து வழி விட்டேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! இத்தனை வருஷமும் முட்டி வலி முட்டி வலி என்று நான் நடித்ததை ஒருத்தி விடாமல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கழுதைகள்.

தொடரில் உன் அத்தை கதவைச் சாத்தினாள். பெரியவர்கள் ஒருவரும் 'ஏன்' என்று கேட்கவில்லை. அப்புறம் கிம்சூ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, நான் எப்படிக் கதவைச் சாத்துறேன்னு!" என்றாள். அவளைத் திருத்த முடியாது. அந்தப் பலகை இருந்துவிட்டுப் போகட்டும். நீ கதவைச் சாத்தினாய். அது சரி. சிப்பி உடைத்தது மட்டும் கடைசிவரை தப்பு.

உன் கடிதம் வந்த பிறகு அம்மா முன்னால் பிறைக்கட்டையைப் போட்டேன். நீ தைப்பேயில் இருந்து இதெல்லாம் மறந்திருப்பாய். ரெண்டும் குப்புற விழுந்தால் கூடாது. ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க என்றால் சம்மதம். ரெண்டும் மல்லாந்து ஆடினால் மேலே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

"அம்மா, திங் பண்ணினது தப்புதானே?" என்று கேட்டேன். ரெண்டும் மல்லாக்க. சிரிக்கிறாள்.

சரி, கேள்வி தெளிவாக இல்லை போலும் என்று மறுபடி கேட்டேன். "உன் விஷயத்தை வச்சு ஊரே சிரிச்சுதே, உனக்குக் கோபம் இல்லையா?" அதற்கும் சிரிக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீயுமா? நான் இங்க வயிறு எரிஞ்சு கேக்குறேன், உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்று கத்திக்கொண்டே போட்டேன். மூன்றாவது தடவையும் மல்லாந்து கிடந்து அந்தக் கட்டைகள் ஆடுகின்றன திங், நிற்கவே மாட்டேன் என்கின்றன. உன் அத்தான், "தொடர் பார்த்த சிரிப்பு இன்னும் அடங்கல போல" என்றார். "வாய மூடுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுதேன். அம்மா சிரித்து ஐம்பத்துமூன்று வருஷமாகிறது.

கடைசியாக, "சரி, அவன் வரட்டுமா?" என்றேன். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. முதல் தடவையிலேயே.

அதனால் வா. எப்போதும் மத்தியானம்தான் படைப்பேன், இந்த வருஷம் நீ வந்தபின் படைக்கிறேன். சிப்பி அடையும் விலா எலும்பும் செய்கிறேன். தைப்பேயிலிருந்து இனிப்பு கினிப்பு வாங்கி வராதே, யாரும் சாப்பிடுவதில்லை.

உன் அத்தான் வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். வேண்டாம், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பதினேழு ஒத்த நாள், ஐந்தரைக்குப் பொழுது சாய்ந்திருக்கும், எல்லாம் தெரியும். விமான நிலையத்து வாசலில், வெளியே, தூண் பக்கத்தில் நிற்பேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கும். இறங்கினதும் அங்கே இங்கே நின்று வேடிக்கை பார்க்காமல் நேரே வெளியே வா.

அக்கா